ஆப்பிளைக் கடியுங்கள், குடிக்காதீர்கள்!

மாணவர்களே, ஓய்வு நேரத்தில் ஒரு பெட்டி ஆப்பிள் சாறு குடித்துவிட்டு, "பழம் சாப்பிட்டுவிட்டேன், டீச்சர்" என்று சொல்பவரா நீங்கள்? நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நடுத்தர அளவுள்ள ஓர் ஆப்பிளில் சுமார் 19 கிராம் சீனியும் 4 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. 250 மில்லிலிட்டர் ஆப்பிள் சாற்றில் சுமார் 24 கிராம் சீனி இருக்கிறது. நார்ச்சத்தோ ஏறக்குறைய இல்லை. பழத்தை மென்று தின்னும்போது, நார்ச்சத்தும் செல் சுவர்களும் சீனி இரத்தத்தில் கலப்பதை மெதுவாக்குகின்றன, வயிறும் நிறைகிறது. சாற்றில் அந்தத் தடை இல்லை.

அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் பழச்சாற்றிலுள்ள சீனியைக் குறைக்கச் சொல்கிறது. முழுப் பழத்தின் சீனியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி உண்பவருக்கு அதன் வரம்பு 50 கிராம். ஒரு குவளைச் சாற்றிலேயே பாதி முடிந்துவிடும்! பெட்டியில் 'சீனி சேர்க்கப்படவில்லை' என்றிருந்தாலும் கணக்கு மாறாது.

சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். நல்ல பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

ஆப்பிள்தான் வேண்டும் என்பதில்லை. நம்மூர்க் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு. ஆப்பிளில் சுமார் 5 மில்லிகிராம்தான். நாளைக்குப் பையில் சாற்றுப் பெட்டிக்குப் பதிலாக ஒரு பழத்தை வையுங்கள். பற்களுக்கும் வேலை வேண்டுமல்லவா?