"அறளை பெயர்ந்துவிட்டது" என்று கைகழுவலாமா?

"கிழவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எமது ஊர்களில் வழக்கு முடிந்தது. அதற்குமேல் விசாரணையில்லை, வைத்தியரில்லை. படலையைச் சாத்திவிட்டு, வருவோர் போவோரிடம் "அப்புவுக்குச் சுகமில்லை" என்று சொல்வதோடு குடும்பத்தின் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறோம். ஊரும் அப்படியே எண்ணுகிறது. அந்தச் சொல்லுக்கு எதிராகவே இன்று எழுதுகிறோம்.

முதுமை வேறு, இந்நோய் வேறு. 1901 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு ஒகுஸ்தே டீற்றர் என்னும் பெண் கொண்டுவரப்பட்டார். தம் பெயரைக்கூட எழுதி முடிக்க இயலாதிருந்த அவருக்கு வயது 51. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை அறளை பெயர்ந்தவர் என்பீர்களா? அவரைப் பரிசோதித்த அலொய்ஸ் அல்சைமர் என்ற வைத்தியர், 1906 இல் அவர் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். மூளை சுருங்கியிருந்தது. நரம்புக் கலங்களின் உள்ளே முறுக்குண்ட நார்களும் வெளியே படிவுகளும் காணப்பட்டன. கண்ணாற் காணத்தக்க ஒரு நோயை விதியென்றும் வயதென்றும் ஒதுக்கிவிட எமக்கு என்ன உரிமை இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடி 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் எம்போன்ற நாடுகளையே சேர்ந்தவர்கள். நூற்றுக்கு 60 முதல் 70 வரை அல்சைமர் நோயே காரணமாம். எமது தீவிலும் ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு நால்வர் அளவில் இந்நோய்க்கு உட்பட்டிருந்ததைக் காட்டியது. ஆகவே இதை வெள்ளைக்காரர் வியாதி என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

எமது தாயாரின் கதையைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை. வெட்கப்பட்ட நாளில்தான் கேடு விளைந்தது. முதலில் கறிக்கு இருமுறை உப்பிட்டார். பின்னர் பணப்பையை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை களவெடுத்ததாகச் சொன்னார். அதன்பின் பொழுது சாயும் வேளைகளில் சேலையொன்றில் மூட்டை கட்டத் தொடங்கினார். "சாவகச்சேரிக்குப் போகவேண்டும், ஷெல் வருகிறது" என்பார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்து மழையில் நடந்தபோது 14 வயதுச் சிறுவனாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாமும் நடந்தோம். எமக்கு அது பழங்கதை. அவருக்கோ அது அன்றைய மாலை. இந்நோய் அண்மைய நினைவுகளை முதலில் அழிக்கிறது, பழைய நினைவுகளை நெடுநாள் விட்டுவைக்கிறது. சண்டையைக் கண்ட எமது தலைமுறைகளுக்கு அதன் பொருள் என்னவென்று சொல்லவும் வேண்டுமா?

நாமோ நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல அவரோடு வாதாடினோம். "சண்டை முடிந்துவிட்டது அம்மா" என்று ஆண்டும் திகதியும் எடுத்துக்காட்டினோம். அவர் அழுதார். முதலில் காட்டிய வைத்தியர் "வயது போனால் அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். நோய்க்குப் பெயர் தெரியவர மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தக்கூடிய எமது தமக்கையார் ஆசிரியத் தொழிலை விட்டுவிட்டு, இரவில் கண்விழித்து, உடைமாற்றி, உணவூட்டினார். நாம் மேடையில் உரிமைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு "விடிந்ததும் போவோம் அம்மா" என்று சொன்னால் அவர் அமைதியடைவார் என்பதைக் கண்டவரும் தமக்கையாரே. சட்டம் படித்த எமக்கு அது தோன்றவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். கமத்தையும் தோட்டத்தையும் நம்பி வாழும் வாசகர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

ஆதனத்தைக் கைமாற்றுவதற்கு 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசையும் இரண்டு சாட்சிகளையும் வேண்டுகிறது. நல்லது. ஆயினும் கையொப்பமிடும் முதியவர் எதை, எவருக்கு எழுதுகிறார் என்று விளங்கிக்கொண்டார் என்பதை யார் அறிவார்? "சம்மதந்தானே ஐயா?" என்று கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். இந்நோயாளர் பலர் மரியாதையை மறக்க நெடுங்காலம் செல்லும். பெருவிரல் அடையாளம் விழுந்துவிடும். சீவியவுரித்துக்கூட வைக்கப்படாத நன்கொடை உறுதிகளை நாமே கண்டிருக்கிறோம். பின்னர் மற்றப் பிள்ளைகள் நீதிமன்றம் ஏறுகின்றனர். விளங்கும் ஆற்றல் இல்லாதவர் முடித்த உறுதி செல்லாது என்பது உண்மையே. ஆனால் அந்த ஆற்றல் இருக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவர்மீதே விழுகிறது. வைத்தியரிடமே கொண்டுபோகாமல் மறைத்துவைத்த குடும்பம் எதைக் காட்டி நிரூபிக்கும்? ஊரார் சொன்ன "அறளை" நீதிபதிக்குச் சான்றாகாது.

நேர்மையான பிள்ளைகளும் தப்புவதில்லை. தகப்பனார் தெளிவாக இருந்தபோது கொடுத்த அற்றோணித் தத்துவம் அவர் அறிவிழந்ததும் வலுவிழக்கிறது, அதாவது எப்பொழுது தேவையோ அப்பொழுதே கைவிடுகிறது. அதன்பின் 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், பெற்ற தகப்பனைச் சித்தசுவாதீனமற்றவர் என்று தீர்ப்பிக்கவேண்டும். எமக்கு இச்சட்டங்களை எழுதித் தந்த இங்கிலாந்து 1985 இலேயே விழித்துக்கொண்டது. அறிவு மங்கியபின்னும் நிலைக்கும் தத்துவத்தை அவ்வாண்டு சட்டமாக்கி, 2005 இல் திருத்தியும் அமைத்தது. எமது 1902 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ அதற்கு வழி காட்டவில்லை. முதியோர் உரிமைகள் பாதுகாப்புக்காக 2000 இல் வந்த சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி முறையிடப் பெற்றோருக்கு இடமளிக்கிறது. பசித்ததையே மறந்தவர் எந்தச் சபைக்குப் போய் முறையிடுவார்?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வோம். நீங்கள் அனுப்பும் காசுக்கு நன்றி. ஆனால் அந்தக் காசில் கட்டிய மாடிவீட்டில் ஆச்சி தனியே இருக்கிறார். தனிமையும் இந்நோய்க்குத் துணைபோகிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைத்தல், கேள்விக் குறைவு என்பனவும் சேர 14 காரணிகளைக் கவனித்தால் நூற்றுக்கு 45 அளவில் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ கூடுமென லான்செற் ஆணைக்குழு 2024 இல் அறிவித்தது. தொலைபேசியில் ஆச்சி ஒரே கேள்வியை மூன்றுமுறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச்செல்ல ஆளை ஏற்படுத்துங்கள். தைரொயிட் குறைவாலும் விற்றமின் பி12 குறைவாலும் மனச்சோர்வாலும் வரும் மறதியைத் திருத்த முடியும். அல்சைமரை மாற்ற இன்றும் மருந்தில்லை, சிலருக்குச் சிலகாலம் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் உண்டு. எவ்வாறாயினும், நோயைத் தொடக்கத்தில் அறிந்தால்தான் நோயாளர் தம் காணியையும் கவனிப்பையும் பற்றித் தம் வாயாலேயே முடிவு சொல்லலாம்.

ஆகவே கேட்கிறோம். ஆதார வைத்தியசாலைகளில் தமிழிலேயே நினைவுப் பரிசோதனை நடக்கவேண்டும். பள்ளி செல்லாத கமக்காரரை எழுத்தறிந்தோருக்கான கேள்விகளால் அளந்து தவறான முடிவு கட்டக்கூடாது. அறிவிழந்தபின்னும் நிலைக்கும் அற்றோணித் தத்துவத்துக்கான சட்டமூலத்தை எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கொண்டுவரவேண்டும். எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் ஆதரிப்போம். நொத்தாரிசுகளான எமது சகபாடிகள் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐயம் தோன்றினால் வைத்தியச் சான்றிதழ் கேளுங்கள். கட்சிக்காரர் வேறு நொத்தாரிசிடம் போனால் போகட்டும்.

செப்ரெம்பர் 21 உலக அல்சைமர் தினம். அன்று ஒவ்வொரு வாசிகசாலையிலும் ஒரு கூட்டம் நடத்துங்கள். எம்மைப்போன்ற பேச்சாளரை அழைக்கவேண்டாம். பராமரித்த பெண்களைப் பேசவிடுங்கள். எமது தமக்கையார் வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாம் முன் வாங்கில் இருந்து கேட்போம்.