முதுகுத்தண்டில் கட்டி: ஆபரேஷன் செய்தால் கால் போயிடுமா? உண்மை என்ன?

"முதுகுல கத்தி வெச்சா படுத்த படுக்கைதான்" - முதுகுத்தண்டில் கட்டி என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் எழும் முதல் பயம் இதுதான். ஆனால் நடக்க முடியாமல் போவதற்கு பெரும்பாலும் காரணம் ஆபரேஷன் அல்ல, தள்ளிப்போட்ட நாட்கள்!

எல்லா கட்டியும் கேன்சரா?

இல்லை. தண்டுவடத்தின் உறையிலும் நரம்பு வேர்களிலும் வரும் மெனிஞ்சியோமா, ஸ்வானோமா போன்றவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளரும் இவற்றை முழுசா எடுத்துவிட்டால் பலருக்கு அதோடு பிரச்சனை தீர்ந்துவிடும். தண்டுவடத்துக்கு உள்ளேயே வளரும் கட்டிகள் கொஞ்சம் சிக்கலானவை. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவுவது இன்னொரு வகை.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

முதுகெலும்பின் பின்பக்கத்தில் சிறு பகுதியை அகற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி கட்டியைப் பிரித்தெடுப்பார்கள். நரம்புகளில் சிக்னல் சரியாகப் போகிறதா என்று அப்போதே கருவி மூலம் கண்காணிப்பதும் உண்டு. ரிஸ்க்கே இல்லையா? இருக்கு. தொற்று, ரத்தக்கசிவு, தண்டுவட நீர் கசிவு வரலாம். சிலருக்கு கால் பலவீனம் கூடவும் செய்யலாம்.

ஏன் தாமதிக்கக் கூடாது?

புற்று பரவி தண்டுவடம் நசுங்கிய 101 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் லான்செட் இதழில் வெளியானது. ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் 57% பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தனர். ஆபரேஷனும் ரேடியேஷனும் சேர்ந்து பெற்றவர்களில் 84% பேர். முன்பே நடக்க முடியாமல் போனவர்களில்கூட, ஆபரேஷன் செய்த பிரிவில் 62% பேர் மீண்டும் நடந்தனர். மற்ற பிரிவில் 19% மட்டுமே.

கவனிக்க வேண்டியது இதுதான்: கால்கள் முழுசா செயலிழந்து 48 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் இந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை. அதேசமயம், லிம்போமா போல ரேடியேஷனுக்கே நன்கு கரையும் புற்றுக்கு ஆபரேஷன் தேவைப்படாமலும் போகலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு?

வலி சீக்கிரம் குறையலாம். ஆனால் நசுங்கியிருந்த நரம்பு தேற வாரங்கள், மாதங்கள் ஆகும். பிசியோதெரபியை பாதியில் விடக் கூடாது. ஆபரேஷனுக்கு முன் எந்த அளவு நடந்தார்களோ, அதைப் பொறுத்தே பின்னால் நடப்பதும் பெருமளவு அமையும்.

எந்த அறிகுறி வந்தால் உஷார்?

படுத்தால் அதிகமாகும் முதுகுவலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம். ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்கள் புதிய முதுகுவலியை 'வாயுப்பிடிப்பு' என்று விட்டுவிடக் கூடாது. கால் பலவீனமாகி, சிறுநீர், மலம் கழிப்பதும் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்க. ஆபரேஷன் வேண்டுமா என்பதை எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்வார். அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கு.