விலை தகரத்துக்கா, தாளுக்கா?

தோழர்களே! தாராவியில் தரகர்கள் வாசல்தோறும் வருகிறார்கள். இங்கே நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சியுடையது. அப்படியானால் எதற்கு லட்சங்களில் விலை? தகரக் கூரைக்கு அல்ல. நம் கையிலுள்ள சான்றுக்கு!

2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது அரசுத் திட்டம். 1976 கணக்கெடுப்பையொட்டிக் கிடைத்த போட்டோ பாஸ், பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியலில் பெயர்: இவையே நம் சொத்து. விற்போர் இதை மறவாதீர்.

வாங்குவோரும் கேளுங்கள்: மாடி அறைக்கு அந்த இலவச வீடு இல்லை. வெறும் பவர் பத்திரத்தால் உரிமை மாறாதென உச்சநீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்தது.

தலைமுறைகளின் வியர்வையை ஒரு கையெழுத்தில் இழக்கலாமா? கையெழுத்துக்கு முன் சங்கத்துக்கு வாருங்கள். தாள்களைச் சேர்ந்தே படிப்போம்!