திறந்து பார்க்க முடியாத பெட்டியை ராணுவம் வாங்கலாமா?



ராணுவத்துக்கான தகவல் பாதுகாப்புக் கருவிகள் என்றாலே, "வெளிநாட்டுச் சரக்குதான் சார் தரம்" என்கிறவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காக, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் கிரிப்டோ ஏஜி என்று ஒரு நிறுவனம் இருந்தது. ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக்கும் இயந்திரங்களை 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. நடுநிலை நாட்டுக் கம்பெனி என்ற நம்பிக்கை. ஆனால் 1970ல் அமெரிக்க சிஐஏவும் மேற்கு ஜெர்மன் உளவுத்துறையும் சேர்ந்து அந்த நிறுவனத்தையே ரகசியமாக வாங்கிவிட்டன. தாங்கள் எளிதில் உடைத்துப் படிக்கும்படி சங்கேத முறையைப் பலவீனமாக்கி, அந்த இயந்திரங்களைப் பல நாடுகளுக்கு விற்றார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. முழு விவரம் 2020 பிப்ரவரியில்தான் பத்திரிகைகளில் வந்தது.

அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் ஹான்ஸ் ப்யூலர், 1992ல் ஈரானில் கைதாகி ஒன்பது மாதம் சிறையில் கிடந்தார். தான் விற்ற பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாது. பணம் கட்டி மீட்ட நிறுவனம், பிறகு அவரை வேலையிலிருந்து நீக்கியது.

அப்படியானால் எல்லாவற்றையும் இங்கேயே செய்தால் போதுமா? போதாது என்பேன். உள்நாட்டு முத்திரை குத்திய பெட்டிக்குள்ளும் யாரோ செய்த சிப் இருக்கலாம். எந்த ஊரில் செய்தது என்பதைவிட, பிரித்துச் சோதிக்க விடுவார்களா என்பதே முக்கியம்.

1883லேயே கெர்க்காஃப்ஸ் என்ற மொழி ஆசிரியர் இதற்கு வழி சொன்னார்: பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசஸர் வடிவமைப்பை இன்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். 2018ல் அதில் ஒரு சிப் சண்டிகரை அடுத்த மொகாலியிலேயே தயாரானது. கைப்பேசி சிப்பின் வேகம் அதற்கு இல்லைதான். ஆனால் படித்துப் பார்க்க முடிகிறதே!

வடிவமைப்பு திறந்திருந்தாலும், அதன்படிதான் சிப் தயாரானதா என்று சோதிக்க ஆள் வேண்டும். பெயரும் புகழும் வராத, பொறுமையான வேலை அது. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கமும் போக வேண்டும். அரசும், திறந்து காட்ட மறுக்கும் பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், பிள்ளைகளே. வகுப்பில் கேட்டது போலவே கேளுங்கள்.