வண்டி ஓட்ட முடியாத நாளில்!

அம்மையார்குப்பத்துத் தறிக்காரத் தோழன் இன்று வண்டியை உதைக்கிறான்; திருத்தணிக்குப் பறக்கிறான். ரயிலா, ஆஸ்பத்திரியா, அங்கேதானே! ஆனால், இழை பார்த்துப் பார்த்து இளைத்த கண் நாளை மங்கினால்? 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, 55 வயது கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுக்குத்தான். உரிமத்தைச் சர்க்கார் தரும். முழங்காலை யார் தருவது?

மலிவென்று வயல் நடுவே மனை வாங்குகிறோம், மாடி எழுப்புகிறோம். வாஸ்து பார்க்க மட்டும் தவறுவதில்லை! பேருந்து நிற்குமிடம் எத்தனை தப்படி என்று எண்ணினோமா?

1997-இல் கலைஞர் ஆட்சி சிற்றுந்தைச் சிற்றூருக்கு அனுப்பியது. 2021-இல் நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பாட்டி ஏறிவிட்டாள், தாத்தா சட்டைப்பையைத் தடவுகிறார். 2016-இல் சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயதானோருக்கு மாதம் 10 இலவசப் பயணம் தந்தார்களே, தலைநகரத்து முதுமைதான் முதுமையா? போராடி, 1960-இல் தமிழகத்தோடு இணைந்த எல்லைப்புறம் இது. இங்கும் அது வேண்டும் என்கிறோம். ஆள்வது நம்மவரானாலும் கேட்போம், மாற்றாரானாலும் கேட்போம்.

அதுவரை, தோழர்களே, மனை பார்க்க வண்டியில் போகாதீர். பேருந்தில் இறங்கி, உச்சிவெயிலில், வயதான தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு நடந்து போய்ப் பாருங்கள்.