இழப்பீடு கேட்பது இரத்தலன்று



ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ இராணிப்பேட்டையிலோ விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தால் நம் பகுதியின் வாழ்வு கண்முன் கடந்து செல்லும். சோற்றுப் பாத்திரம் ஏந்திய பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் காலணித் தொழிற்சாலைகளுக்கு விரையும். ஆண்கள் தோல் பதனிடும் ஆலைகளை நோக்கிச் செல்வர். இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிவது தோலினால்தான். அத்தோலைத் தூக்குவதும் விரிப்பதும் அடுக்குவதும் மனித முதுகுகளே. நீரில் ஊறிய தோலின் கனம் அதைத் தூக்கியவர்க்கே தெரியும்.

அந்த முதுகு பிறர் தவற்றால் முறிந்தால் என்ன செய்வது? இம்மாதம் இதுபற்றிச் சிந்திப்போம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டா, இதுபோன்றதொரு வீடு எந்தத் தெருவிலும் இருக்கக்கூடும். கணவருக்கு வயது 35. மாதக் கூலி 12,000 ரூபாய். உடன் வேலை செய்பவர் ஒழுங்கின்றி அடுக்கி வைத்த ஈரத்தோல் கட்டு ஒருநாள் சரிந்து அவர் இடுப்பின்மேல் விழுகிறது. மேஸ்திரி அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார். வழியிலேயே, "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு, வீண் தொல்லை வேண்டாம்" என்கிறார். அவரும் அப்படியே சொல்லிவிடுகிறார். பின்னர் 20,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஒரு தாளில் கையொப்பமும் வாங்கப்படுகிறது. மூன்று மாதம் கழிந்தும் அவரால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. மனைவி இரட்டை வேலைக்குச் செல்கிறார். மூத்த மகளின் படிப்பு நின்றுவிடும் நிலை. கணவரோ, "எல்லாம் நம் தலைவிதி" என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

இது தலைவிதியன்று. இவரது துன்பத்திற்குக் காரணம் உண்டு, பொறுப்பேற்க வேண்டியவர் உண்டு, சட்டமும் உண்டு. இருந்தும் நம்மிற் பலர் கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் பேராசைக்காரர் என்பார்களோ, வேலை போய்விடுமோ, நல்ல மனம் படைத்த முதலாளியை நோகடிக்கலாமோ, பொறுத்துக்கொள்வதன்றோ கிறிஸ்தவ நெறி என்றெல்லாம் மனம் குழம்புகிறது.

இந்த இறுதி ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் மோசேயின் சட்டம் இதுபற்றிப் பேசுகிறது. ஒருவன் அடித்ததால் மற்றவன் படுக்கையில் விழுந்தால், அடித்தவன் இரண்டு கடன்களைத் தீர்க்க வேண்டும்: படுத்திருந்தவனின் வேலை இழப்பை ஈடுசெய்ய வேண்டும், அவன் முற்றிலும் குணமடைய வழி செய்ய வேண்டும். கூலி இழப்பு, மருத்துவச் செலவு என்று இன்றைய தீர்ப்பாயங்கள் கணக்கிடும் தலைப்புகளே அங்கும் இருப்பதைக் காண்க. மன்னிப்பது மனத்தின் செயல்; ஈடு செய்வது நீதியின் செயல். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. தவறு செய்தவரை மன்னித்துவிட்டு, பிள்ளைகளின் சோற்றுக்குரியதைக் கேட்டுப் பெறுவதில் பாவம் ஏதுமில்லை.

தீங்கு செய்தவரே ஈடு தர வேண்டும் என்னும் நெறி நம் மண்ணுக்குப் புதிதன்று. பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு நீர் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நாடு முழுவதும் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கின்றனர். 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' தொடுத்த அவ்வழக்கில், மாசு செய்தவரே அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாயிற்று. நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த தீங்குக்கு ஈடு உண்டெனில், அந்நிலத்தில் உழைக்கும் மனிதனின் முதுகெலும்புக்கு இல்லாமற் போகுமோ?

இனிச் சட்டத்தைக் காண்போம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் பிறந்தது. நெடுங்காலம் நடைமுறையிலிருந்த அச்சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பெயர் மாறினும் அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்தினால் காயம் நேர்ந்தால் வேலை கொடுப்பவர் ஈடு தர வேண்டும். முதலாளி தவறு செய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டை அடுக்கியவர் உடன் உழைப்பவரே என்றாலும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று கூறி ஆலை கைகழுவிவிடவும் இயலாது. குடிபோதையில் இருந்தவர்க்கும், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியவர்க்கும் சில விலக்குகள் உண்டு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே செல்லும்போது நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பைப் பொறுத்து, இப்போது இவ்வரம்புக்குள் வருகிறது. நாள்தோறும் வேனில் பயணம் செய்யும் நம் பெண்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டா? காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கு ஈடு வழங்குவது ஈ.எஸ்.ஐ. நிறுவனமே, அவர் முதலாளியிடம் தனியே இழப்பீடு கோர இயலாது. வேலைக்காயத்துக்கு முதல் நாளிலிருந்தே அவருக்கு உரிமை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தற்காலிகமாக வேலை செய்ய இயலாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் எனில், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் இழப்பிற்கேற்ப வாழ்நாள் முழுதும் உதவித்தொகை வரும். ஆனால் அது வேலையிடத்து விபத்து என்று நிறுவனம் அறிவித்திருத்தல் வேண்டும். "வீட்டில் வழுக்கினேன்" என்ற ஒரு சொல் இவ்வளவையும் அழித்துவிடும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்க்குக் கணக்கு வேறு. நாம் கற்பனை செய்த அந்தக் குடும்பத் தலைவர் இத்தகையவர் என்று கொள்வோம். மாதக் கூலி 12,000 ரூபாயில் 60 விழுக்காடு 7,200 ரூபாய். 35 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பெருக்கெண் 197.06. இரண்டையும் பெருக்கினால் 14,18,832 ரூபாய் ஆகும். இது முழு ஊனத்துக்குரிய தொகை. அவரது சம்பாதிக்கும் திறனில் 40 விழுக்காடு போயிற்று என்று மருத்துவர் கணித்தால், சேர வேண்டியது சுமார் 5,67,500 ரூபாய். அவர் கையொப்பமிட்டு வாங்கியதோ 20,000!

இங்கே 'விழுக்காடு' என்ற சொல்லைக் கவனமாக ஆராய வேண்டும். உடல் இழந்தது வேறு. உழைப்பு இழந்தது வேறு. இதற்குச் சான்று நம் வேலூரிலேயே உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது. கைகளாலும் அறிவாலும் உழைத்தவர்க்குக் கால்கள் ஓய்ந்த பின்னும் தொழில் எஞ்சியிருந்தது. அதற்கே அவர் பட்ட பாடு பெரிது. இனிச் சுமை தூக்கிப் பிழைப்பவரை நினைத்துப் பாருங்கள். அதைவிடச் சிறிய காயமும் அவரது பிழைப்பை முழுவதும் பறித்துவிடும்.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்துள்ளன. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற வழக்கில், வேலையின்போது விழுந்து இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தவர் ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாதாகையால் அவருக்கு நேர்ந்தது முழு இழப்பே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நேர்ந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. பின்னர் 2010இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் என்ற சாலை விபத்து வழக்கில், அதே நீதிமன்றம் இந்நெறியை மேலும் விளக்கிற்று. ஒரு கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ ஏறக்குறைய எல்லாமே போய்விடும். அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கக்கூடும். ஆகவே மருத்துவச் சான்றிலுள்ள விழுக்காட்டை அப்படியே வருமான இழப்பாகக் கொள்ளலாகாது. அவர் என்ன தொழில் செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று ஆராய வேண்டும். ஆதலின் முதுகில் காயம்பட்டவர், மருத்துவரிடம் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை கிலோ தூக்கி வந்தோம், எத்தனை மணி நேரம் குனிந்து நின்றோம், இப்போது எது இயலவில்லை என்பதைத் தெளிவாகக் கூறிப் பதியச் செய்தல் நலம்.

சாலையில் பிறர் வாகனம் மோதியதால் முதுகு முறிந்தால், நாட வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலியும் வேதனையும், உதவியாளர் செலவு என எல்லாம் தனித்தனியே கணக்கிடப்படும். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அவ்வரம்பை எதிர்த்து வழக்குகள் எழுந்துள்ளன எனினும், ஆறு மாதத்தையே கடைசி நாளாகக் கொள்வது அறிவுடைமை. வேலைக்காய இழப்பீட்டுக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு.

ஒவ்வொரு குடும்பமும் மறவாமற் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். மருத்துவமனையில் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள்; விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முதுகுக் காயம் எக்ஸ்ரேயில் எப்போதும் தெரிவதில்லை. எலும்பிடைத் தட்டு பிதுங்கியிருப்பின் எம்.ஆர்.ஐ. படமே காட்டும். ஆகவே ஒவ்வொரு சீட்டையும் படத்தையும் ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள். உடனிருந்தவர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்குச் சான்றாகச் சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ இருக்கட்டும். எழுதாத தாளில் கையொப்பமிடாதீர்கள். இட்டுவிட்டீர்களாயினும் கலங்க வேண்டா. சட்டம் தரும் இழப்பீட்டைக் குறைத்தோ விட்டுக்கொடுத்தோ தொழிலாளி எழுதித் தந்த ஒப்பந்தம் அவ்வளவில் செல்லாது. வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்குவோர்க்கு, நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்க்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர்க்கும் வருமானம் பாராமல் அங்கே இலவச உதவி கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

இச்சட்டங்கள் எல்லாம் எட்டாத ஒரு முதுகும் நம் வீடுகளில் இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் எத்தனையோ தாய்மார் காலணி மேல்தோலை வீட்டிலேயே தரையில் அமர்ந்து கையால் தைக்கின்றனர். ஒரே நாளில் விழுந்து முறியாமல், ஆண்டுக்கணக்கில் குனிந்து குனிந்து தேய்கிறது அவர்தம் முதுகு. விபத்து என்று சுட்டிக்காட்ட ஒரு நாள் இல்லை; முதலாளி என்று சுட்டிக்காட்ட ஒரு முகமும் இல்லை. குரோமியத்தால் வரும் நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ள சட்டம், இந்த முதுகுவலியைச் சேர்க்கவில்லை. இது தீர்க்கப்படாத அநீதி. அன்னையர் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் இதைப் பேசத் தொடங்கட்டும். அதுவரை, அம்மா கேட்குமுன் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தரும் பிள்ளைகளாவது வீட்டில் இருக்கட்டும்.

நம் வாசகருள் பட்டறை நடத்துவோரும் மேஸ்திரிகளும் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு சொல்: உரியதைக் காலத்தோடு கொடுத்துவிடுங்கள், தாமதித்தால் வட்டியும் தண்டமும் சேரும் என்பது சட்டம். உரிமை கேட்போர்க்கும் ஒரு சொல்: இல்லாத வலியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒருவர் சொல்லும் பொய், அடுத்து வரும் உண்மையான நோயாளியின் சொல்லையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்த மனிதரிடம் திரும்புவோம். மூன்று மாதமே கழிந்திருக்கிறது; இரண்டு ஆண்டு வரம்பு முடியவில்லை. அன்று உடனிருந்தவர்கள் இன்னும் அதே ஆலையில்தான் இருக்கிறார்கள். மருத்துவமனையில் பயந்து சொன்ன பொய்யை, சாட்சிகளைக் கொண்டு திருத்த முயலலாம்; கடினமெனினும் முடியாததன்று. அவர் எழுந்து அமர வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டார் ஒருவர், நீங்களாகவே இருக்கலாம், இன்று மாலை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "வாருங்கள், நாளைக் காலையில் நானும் உடன் வருகிறேன்" என்று சொல்ல வேண்டும்.