தராவீஹுக்குப் பின் தேநீர்க் கடையில்

ரமழானில் நம் மஹல்லாக்களில் ஆண்டுதோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஸஹர் முடிந்தது முதல் மஃரிப் பாங்கு வரை ஏறத்தாழ 13 மணி நேரம் சிகரெட்டைத் தொடாதிருந்த சகோதரர், தராவீஹ் தொழுதுவிட்டுத் தேநீர்க் கடைக்கு வருகிறார். அங்கே நண்பர்கள் நால்வர் நிற்கின்றனர். ஒருவர் பெட்டியை நீட்டுகிறார். சற்று நேரத்தில் ஐவர் கையிலும் நெருப்பு.

பகல் முழுவதும் அடங்கியிருந்த நஃப்ஸ் இரவில் ஏன் தோற்கிறது என்று பயான்களில் கேட்கிறோம். ஆனால் பகலில் அவர் தனியாகவா அடக்கினார்? வீடும் கடைத்தெருவும் அவருடன் சேர்ந்தல்லவா நோன்பு நோற்றன! பகலில் அவரைத் தாங்கியது கூட்டம்; இரவில் அவரைச் சாய்த்ததும் கூட்டமே. அவருடைய ஈமானை மட்டும் எடைபோட்டுவிட்டு, அந்த நால்வரைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமன்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராமிங்ஹாம் என்றோர் ஊர். அவ்வூர் மக்களின் இதய நலத்தை 1948 முதல் மருத்துவர்கள் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். ஆய்வில் இருப்பவர் இடம் மாறிவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பதற்காக, உறவினர் மற்றும் நெருங்கிய நண்பரின் பெயர்களையும் ஏட்டில் குறித்து வைத்தனர். முகவரிக்காக எழுதப்பட்ட அந்தக் குறிப்புகள் பின்னாளில் பெரும் புதையலாயின. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு 12,067 பேரின் 32 ஆண்டு வாழ்வை வலைபோல் பின்னிப் பார்த்து, 2007இல் முடிவை வெளியிட்டனர். நண்பர் ஒருவர் மிகுதியான உடற்பருமன் அடைந்தால், இவரும் அந்நிலையை அடையும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் பருத்தபோதோ எந்த மாற்றமும் இல்லை. சுவர் ஒட்டியிருப்பதால் ஒன்றும் நேர்வதில்லை. மனம் ஒட்டியிருந்தால்தான் பழக்கமும் ஒட்டுகிறது.

மறு ஆண்டு அவர்களே புகைப்பழக்கத்தை ஆராய்ந்தனர். கணவனோ மனைவியோ புகைப்பதை விட்டால், மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைந்தது. நண்பர் விட்டால் 36 விழுக்காடு. மக்கள் ஒருவர் ஒருவராக அன்றி, குழுக்குழுவாகவே புகையை விட்டிருந்தனர்.

இம்முடிவுகளை அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. ஒத்த இயல்புடையோரே நட்புக் கொள்கின்றனர். அவ்வாறிருக்க, எது தொற்று, எது தற்செயலான ஒற்றுமை என்று எவ்வாறு பிரிப்பது? 2008இல் வேறிரு ஆய்வாளர்கள் இதே முறையைக் கையாண்டு, முகப்பருவும் தலைவலியும், ஏன், உயரமும்கூட நண்பர்களிடையே ‘பரவுவதாக’க் காட்டினர். உயரம் எங்காவது தொற்றுமா? ஆகவே அந்த விழுக்காடுகளை வேதவாக்காகக் கொள்ளலாகாது. ஆயினும் தோழமை மனிதனை மாற்றுகிறது என்பதை அறிய நமக்கு ஃபிராமிங்ஹாம் தேவையில்லை. கஸ்தூரி வைத்திருப்பவரையும் உலை ஊதும் கொல்லரையும் கொண்டு நபி (ஸல்) அவர்கள் விளக்கிய உவமையைச் சிறுவயது மதரஸாவிலேயே கற்றிருக்கிறோம். அதைக் குணத்துக்கு மட்டும் பொருத்தினோம். இரத்தச் சர்க்கரைக்குப் பொருத்த மறந்தோம்.

வலீமா விருந்தைப் பாருங்கள். ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது பரக்கத் நிறைந்த நடைமுறை, அதில் ஐயமில்லை. ஆனால் அதே சஹனில் நீரிழிவு உள்ள சகோதரர் கையை நிறுத்தினால் நாம் என்ன செய்கிறோம்? “ஒரு நாள்தானே, சாப்பிடுங்க பாய்” என்று இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளுகிறோம். இனிப்பை மறுத்தால் வீட்டாரின் முகம் வாடுகிறது. அன்பினால் செய்கிறோம் என்பது உண்மைதான். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை மேடையில் சொல்லும் நாமே, அதன்படி நடக்க முயல்பவரைப் பந்தியில் சங்கடப்படுத்துகிறோம்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வதந்திகள் வெள்ளமெனப் பாய்ந்தன. நம்மில் பலரும் அவற்றைப் பிறருக்கு அனுப்பினோம். யார் பேசினார், எங்கிருந்து பேசினார் என்று கேட்கவில்லை. மச்சான் அனுப்பினார், மாமி அனுப்பினார், அது போதுமானதாக இருந்தது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை நமக்குத் தெரியாததன்று. கருவுற்ற பெண்ணை ரூபெல்லா தாக்கினால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமையும் கண்புரையும் இதயக் கோளாறும் நேரக்கூடும். அன்று நாம் தயங்கவைத்த தாய்மார்கள் நம் தெருப் பெண்களே.

இங்கே ஒரு செய்தி. தடுப்பூசி குறித்து ஜும்ஆவுக்குப் பின் ஆண்களிடம் அறிவித்துவிட்டு ஜமாஅத் நிர்வாகம் கடமை முடிந்ததாக எண்ணுகிறது. பிள்ளைக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்பதோ பெரும்பாலும் பெண்கள் மதரஸாவின் திண்ணையிலும், பேறுகால வீட்டின் உள்ளறையிலும் முடிவாகிறது. அங்கு மதிப்புள்ள ஒரு மூதாட்டியின் சொல், நம் அறிவிப்புகள் பத்துக்குச் சமம். அவரிடம் யார் போய்ப் பேசியிருக்கிறோம்?

தேநீர்க் கடை நண்பர்களுக்கு வருவோம். ஐவரில் ஒருவர் மட்டும் விட முயன்றால் அவருக்கு இரவெல்லாம் போராட்டம். ஐவரும் ஒரே நாளில் விட்டால், நீட்டுவதற்குப் பெட்டியே இராது. பிறை பார்த்த பிறகு பேசினால் தாமதமாகிவிடும். ஷஅபானிலேயே அந்த நால்வரையும் அழைத்துப் பேசலாம், இன்ஷா அல்லாஹ். தேநீர் நம் செலவு.